திறக்கப்படாத கோப்பும் ஆய்வாளரின் பொறுப்பும்

2010 ஜனவரியில் அந்தமானில் போவா சீனியர் காலமானார். பெரிய அந்தமானிய மொழிகளுள் ஒன்றான ‘போ’ மொழியைப் பேசிய கடைசி மனிதர் அவர். மொழியியலாளர் அன்விதா அப்பி செய்த பதிவுகளில் அவரது குரல் இன்றும் ஒலிக்கிறது. இத்தகைய பதிவை மீண்டும் எடுக்க இயலாது. களப்பணிக்குச் செல்லும் மாணவர்கள் படத்தொகுப்பு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது இதை முதலில் எண்ணிப்பார்க்க வேண்டும்.

திரைத்துறையின் அளவுகோல்கள் வேறு. பலர் ஒரே படத்தில் இணைந்து பணியாற்ற அவிட் மீடியா கம்போசர் உகந்தது. டாவின்சி ரிசால்வ் நிறத்திருத்தத்தில் வேர்கொண்டது; அதன் இலவசப் பதிப்பே மிகுதியான வசதிகளைத் தருகிறது. அடோபி பிரீமியர் புரோவுக்குச் சந்தா கட்டவேண்டும். தொடக்கநிலையாளருக்குக் கேடென்லைவ், ஷாட்கட் ஆகிய கட்டற்ற மென்பொருள்கள் போதும். எளிய கணினியிலும், அசலின் சிறுநகலை வைத்துத் தொகுக்க அவை இடம்தருகின்றன.

ஆயினும் கருவியின் புதுமை படத்தின் தரத்தைத் தீர்மானிப்பதில்லை. 2019இல் வெளிவந்த ‘பாரசைட்’, 2011இலேயே ஆப்பிள் கைவிட்ட ஃபைனல் கட் புரோ 7இல் தொகுக்கப்பட்டது. பழைய கணினியைப் பேணிக்காக்கும் வசதி அப்படக்குழுவுக்கு இருந்தது. ஆய்வு மாணவருக்கு அது வாய்ப்பதில்லை. அடுத்து வந்த ஃபைனல் கட் புரோ எக்ஸ், பழைய பதிப்பின் கோப்புகளை நேரடியாகத் திறக்கவில்லை.

இதனால் நேரும் இழப்பு தொழில்நுட்பம் சார்ந்தது மட்டுமன்று. இரண்டு மணிநேர நேர்காணல் இருபது நிமிடமாகச் சுருங்கும்போது எந்தச் சொற்கள் நீக்கப்பட்டன என்பது ஆய்வுச் சான்று. அந்த முடிவுகள் யாவும் தொகுப்புக் கோப்பில்தான் உள்ளன. கோப்பு திறக்காவிடில், பேசியவரின் சொல்லை ஆய்வாளர் எவ்வாறு கையாண்டார் எனப் பின்வருவோர் சரிபார்க்க முடியாது.

தீவுகளின் சூழல் மற்றொரு பாடத்தையும் தருகிறது. சென்னையையும் போர்ட் பிளேரையும் இணைக்கும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்றே தொடங்கிவைக்கப்பட்டது. அதுவரை தீவுகளின் இணையம் செயற்கைக்கோளை நம்பியிருந்தது. உரிமத்தை அவ்வப்போது இணையத்தில் உறுதிசெய்யக் கோரும் மென்பொருளும், மேகக்கணினியில் மட்டுமே இயங்கும் செயலியும் இணைப்பு நலிந்த களத்தில் கைகொடுக்கா.

ஆகவே, ஆய்வாளர் கேட்கவேண்டிய முதற்கேள்வி, ‘இதிலிருந்து என் பணியை வெளியே எடுத்துச்செல்ல முடியுமா?’ என்பதே. கேடென்லைவ், ஷாட்கட் கோப்புகள் எக்ஸ்எம்எல் வடிவிலான வெற்று உரைகள்; மென்பொருளே மறைந்தாலும் வெட்டிய இடங்களைக் கண்ணால் படித்தறியலாம். பிறவற்றைப் பயன்படுத்துவோர், பணி முடிந்ததும் தொகுப்பை எக்ஸ்எம்எல் அல்லது இடிஎல் வடிவில் ஏற்றுமதி செய்துவைப்பது நன்று. அசல் பதிவைத் தொடாமல் இரண்டு இடங்களில் சேமிக்க வேண்டும். எழுத்துப்பெயர்ப்பையும் மொழிபெயர்ப்பையும் காணொளியில் பதித்துவிடாமல் தனி உரைக்கோப்பாக வைக்க வேண்டும். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் மென்பொருளின் பெயரும் பதிப்பெண்ணும் இடம்பெறுவதை நெறியாளர்கள் வலியுறுத்தலாம்.