மறுபடியும் பாசி

குறுந்தொகையில் பரணர் பாடிய 399ஆம் பாடலை ஒவ்வோராண்டும் வகுப்பில் நடத்துகிறேன். தலைவியின் பசலைக்குப் பாசியை உவமை சொல்லும் பாடல். ஊரார் நீருண்ணும் துறையில் படர்ந்த பாசி, கைபட்ட இடத்தில் ஒதுங்குகிறது. கையை எடுத்ததும் வந்து மூடிக்கொள்கிறது. குழாய்நீரில் வளர்ந்த மாணவர்கள் மரியாதைக்குத் தலையசைப்பார்கள். கடந்த மூன்று ஆண்டுகளாக அந்த உவமையை எனக்கு நடத்திவருவது எங்கள் வீட்டுக் கொல்லையிலிருக்கும் நீச்சல் தொட்டி.

நீச்சல் குளம் என்றதும் வசதிபடைத்தோர் விவகாரம் என்று தோன்றலாம். எங்களுடையது 20 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்ட சிமெண்டுத் தொட்டி; 4 அடி நீர் நிற்கும். அப்பாவுக்காகக் கட்டியது. இளமையில் கமலைக் கிணற்றில் தலைகீழாகப் பாய்ந்தவர், 74 வயதில் மூட்டுத் தேய்மானத்தால் தெருமுனைவரைகூட நடக்க இயலாதவரானார். மார்பளவு நீரில் நின்றால் உடலெடையின் பெரும்பகுதியைத் தண்ணீரே தாங்கிக்கொள்ளும். அதில் நடக்கச் சொன்னார் மருத்துவர்.

ஆகவே பாசி எங்களுக்கு அழகு சம்பந்தப்பட்ட விஷயமாக இருக்கவில்லை. பச்சை படிந்த படியில் ஒரு வழுக்கல் போதும், அவர் மீண்டும் கட்டிலோடு முடங்கிவிட. பிளீச்சிங் பவுடர் போட்டால் இரண்டு நாளில் நீர் தெளியும். மூன்றாவது வாரம், வெயில் படாத மூலையில் ஒரு மெல்லிய பச்சை தோன்றும். தண்ணீரை முழுதாக இறைத்துவிட்டு நிரப்பலாம்தான். ஏறத்தாழ 22 ஆயிரம் லிட்டர், கிட்டத்தட்ட இரண்டு லாரித் தண்ணீர். கோடையில் குடத்தோடு வரிசையில் நிற்கும் தெருவில் அதைச் சாக்கடையில் விட மனம் வருமா?

வேதியியல் துறை நண்பர் ஒருநாள் வந்து சோதித்துவிட்டு, "குளோரின் இருக்கிறது, வேலை செய்யவில்லை" என்றார். பிஎச் எனப்படும் அமில-கார அளவு 7.2ஆக இருந்தால், நீரிலுள்ள குளோரினில் மூன்றில் இரு பங்கு கிருமியையும் பாசியையும் கொல்லும் வடிவில் இருக்கும். அதுவே 8ஐத் தொட்டால் நான்கில் ஒரு பங்குதான். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் இயல்பிலேயே கடினமானது. பிளீச்சிங் பவுடரிலுள்ள சுண்ணாம்பு அந்த அளவை மேலும் உயர்த்தும். பகலில் போட்டால் வெயிலே குளோரினைச் சிதைத்துவிடும். அதைத் தடுக்கச் சயனூரிக் அமிலம் கலந்து வரும் மாத்திரைகள் உண்டு. குளோரின் தீர்ந்த பிறகும் அந்த அமிலம் தண்ணீரில் தங்கிச் சேர்ந்து, நாளடைவில் குளோரினின் கையைக் கட்டிவிடும்.

இன்னொன்றும் சொன்னார். நாம் கொல்வது பாசியை. அதன் சோற்றை விட்டுவைக்கிறோம். உதிர்ந்த இலை, மழையில் கரைந்து வரும் தோட்டத்து எரு, இவற்றின் பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் நீரில் இருக்கும்வரை, சொரசொரப்பான சிமெண்டில் ஒட்டிய மிச்சம் மீண்டும் துளிர்க்கும்.

எருக்குழியைத் தள்ளி வைத்தோம். நீரேற்றி தினமும் ஓடுகிறது. அந்திக்குப் பிறகே குளோரின். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் கூட்டுவதற்கு எங்கள் தொட்டிக்கு 23 கிராம் குளோரின், அதாவது 30 சதவீதப் பிளீச்சிங் பவுடரில் ஏறக்குறைய 75 கிராம். பிஎச்சைக் குறைக்கும் அமிலத்தை அதனுடன் ஒருபோதும் சேர்த்துக் கலக்கக்கூடாது. நச்சு வாயு கிளம்பும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது தேய்ப்பு. பாசி தன்மேல் ஒரு வழவழப்பான ஏட்டைப் போர்த்திக்கொள்கிறது. அது கிழிந்தால்தான் மருந்து உள்ளே இறங்கும்.

தேய்க்கும் வேலையை அப்பா தானே கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு கையால் கம்பியைப் பற்றி, மறுகையில் நீண்ட பிரஷ்ஷுடன் சுவரோரமாக நடக்கிறார். மருத்துவர் சொன்ன 20 நிமிடத்தை முன்பெல்லாம் கடிகாரம் பார்த்துக் கடத்தியவர், இப்போது கூப்பிட்டாலும் கரையேறுவதில்லை. மாத்திரை கொடுக்கவும் கைபிடித்து நடத்தவும் பிறர் இருந்த வீட்டில், அவர் கவனிக்க வேண்டியது என்று ஒன்று வாய்த்துவிட்டது.

"உங்கள் கிணற்றில் பாசிக்கு என்ன செய்தீர்கள்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ரெண்டு சோடி மாடு இறைச்ச கிணறுப்பா. தண்ணி எங்க நின்னுச்சு, பாசி பிடிக்க?"

பாசி அடியோடு போய்விட்டதா என்றால், இல்லை. பெருமழைக்குப் பின் இன்றும் எட்டிப் பார்க்கிறது. என் கண்ணுக்குப் பச்சை தெரியுமுன்பே அப்பாவின் பாதத்துக்கு வழவழப்பு தெரிந்துவிடுகிறது. "கீழ்ப்படியில வந்துருக்கு" என்று நீருக்குள்ளிருந்தே குரல் கொடுப்பார். நான் பிரஷ்ஷை எடுத்து நீட்டுவேன்.