பனி தந்த விடுமுறை

மழை பெருகினால் நம் பள்ளிகளுக்கு விடுமுறை கிடைப்பதை மாணவர் அனைவரும் அறிவர். குளிர் மிகுந்த நாடுகளில் அவ்விடுமுறையைத் தருவது வெண்பனி. தெருக்களில் முழங்கால் அளவு பனி குவிந்துவிட்டால் பேருந்துகள் ஓடா. சிறுவர் நடந்து செல்லவும் இயலாது. அந்நாளைப் 'பனி நாள்' என்று அழைக்கின்றனர். நாட்காட்டியில் குறிக்கப்படாத அவ்விடுமுறையின் இன்பத்தை, 2015ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் என் தமையனார் இல்லத்தில் தங்கியிருந்தபொழுது கண்டேன்.

அன்று 26ஆம் நாள், திங்கட்கிழமை. பெரும் பனிப்புயல் வருகின்றது என்று வானிலையாளர் எச்சரித்திருந்தனர். செவ்வாய்க்கிழமை பள்ளி இல்லை என்ற அறிவிப்பும் வந்துவிட்டது. தமையனாரின் இளைய மகனுக்கு வயது ஒன்பது. புதன்கிழமையும் விடுமுறை வேண்டும் என்பது அவன் ஆசை. ஆதலால், இரவு உடையை உட்புறம் வெளியே தெரியத் திருப்பி அணிந்துகொண்டான். தலையணையின்கீழ் ஒரு கரண்டியை வைத்தான். இவ்வாறு செய்தால் பனி மிகுதியாகப் பொழியும் என்பது அந்நாட்டுச் சிறுவரிடையே வழங்கும் நம்பிக்கை.

"கரண்டிக்கும் மேகத்திற்கும் என்ன தொடர்பு, கண்ணா?" என்று வினவினேன்.

"எனக்குத் தெரியாது, சித்தப்பா. வகுப்பில் எல்லோரும் வைக்கிறார்கள்" என்றான்.

கரண்டியின் ஆற்றலோ, காற்றின் ஆற்றலோ, செவ்வாய்க்கிழமை முழுவதும் புயல் வீசியது. சன்னலுக்கு வெளியே வானும் மண்ணும் ஒரே வெண்மை. அடுத்த வீடும் கண்ணுக்குப் புலப்படவில்லை. புயல் ஓய்ந்தபொழுது நகரில் இரண்டு அடிக்குமேல் பனி படிந்திருந்தது. தெருவோரத்து மகிழுந்துகள் வெண்மணல் மேடுகளாய்க் காட்சியளித்தன. பெரியோர் பெருமூச்சு விட்டபடி மண்வாரிகளை எடுத்தனர். சிறுவர்க்குப் புதன்கிழமையும் விடுமுறை!

நகரின் நடுவே 'பாஸ்டன் காமன்' என்னும் பழைய பூங்கா உள்ளது. அங்குள்ள சரிவில் சறுக்கி விளையாடப் பிள்ளைகளுடன் சென்றேன். எத்துணைக் கூட்டம்! சிலரிடம் சறுக்குப் பலகைகள் இருந்தன. அவை இல்லாதவர் அட்டைப்பெட்டியைப் பிரித்து அதன்மேல் அமர்ந்து வழுக்கினர். அட்டையில் வந்தவர் பாதி வழியில் கவிழ்ந்து உருண்டனர். அவர்களே மிகுதியாகச் சிரித்தனர். இளையவன் பனியை அள்ளி உருண்டை பிடிக்க முயன்றான். அது உலர்ந்த மாவுபோல் உதிர்ந்தது. "கடுங்குளிரில் விழும் பனியில் ஈரம் குறைவு, அது ஒட்டாது" என்று அவன் தமக்கை விளக்கினாள். அவனோ விளக்கத்தைக் கேளாமல், உதிர்ந்ததையே அவள்மேல் தூவினான்.

அச்சரிவுக்கு அண்மையில்தான் பள்ளித் தெரு உள்ளது. 1775ஆம் ஆண்டு ஜனவரியில், நகரம் ஆங்கிலப் படையின் பிடியில் இருந்தபொழுது, அங்கு நிகழ்ந்த ஒரு செய்தியை அக்காலத்து வணிகர் ஒருவர் தம் கடிதத்தில் எழுதி வைத்திருக்கின்றார். சிறுவர் பனியில் சறுக்கும் வழி, ஹால்டிமண்ட் என்னும் படைத்தலைவரின் வீட்டருகே அமைந்திருந்தது. அவருடைய பணியாள் அவ்வழியை வெட்டிச் சாம்பலைத் தூவிவிட்டான். சிறுவர் கல்லெறியவில்லை, அழவுமில்லை. தமக்குள் ஒரு குழுவைத் தேர்ந்து, படைத்தலைவரிடமே நேரிற்சென்று, தம் தந்தையர் காலம் முதல் தாங்கள் சறுக்கி வரும் இடம் இது என்று முறையிட்டனர். அவர் சினங்கொள்ளாது கேட்டு, கெடுத்ததைச் சீர்செய்யுமாறு பணியாளுக்கு ஆணையிட்டார். ஆளுநர் கேஜ் இதனைக் கேள்வியுற்று, உரிமை வேட்கை இம்மக்களுக்குப் பிள்ளைப் பருவத்திலேயே ஊறியது, அதனை அடித்துப் போக்க இயலாது என்று கூறினாராம். மூன்று திங்களுக்குள் அமெரிக்க விடுதலைப் போர் மூண்டது.

பனி விளையாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1888ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், அந்நாட்டின் நடுப்பகுதிச் சமவெளிகளில், காலையில் குளிர் தணிந்திருந்ததால் சிறுவர் பலர் தடித்த மேலாடையின்றிப் பள்ளி சென்றனர். திடீரென வீசிய பனிப்புயலில் வழி தெரியாது மாண்டவருள் பள்ளிச் சிறுவர் பலர். அதனாலேயே அது 'பள்ளிச் சிறுவர் பனிப்புயல்' எனப்படுகின்றது. புயல் வருமுன்பே பள்ளியை மூடும் இன்றைய வழக்கத்தின் அருமையை இதனால் உணரலாம்.

ஆயினும் இவ்விடுமுறை ஒருவகைக் கடன். மாசசூசெட்சு மாநிலத்தில் ஆண்டுக்கு 180 நாள் பள்ளி நடைபெறல் வேண்டும். 2015இல் புயல்கள் அடுத்தடுத்து வந்தன. அக்குளிர்காலத்தில் பாஸ்டனில் பொழிந்த பனி மொத்தம் 110.6 அங்குலம். இழந்த நாட்களுக்கு ஈடாக, பாஸ்டன் மாணவர் ஜூன் இறுதிவரை வகுப்பில் அமர்ந்து வியர்த்தனர். துறைமுகத்தருகே நகராட்சி கொட்டிவைத்த பனிக்குவியலோ அப்பொழுதும் கரையவில்லை. ஜூலை 14ஆம் நாள்தான் முற்றும் கரைந்தது.

இக்கடனைத் தவிர்க்க, வீட்டிலிருந்தே கணினி வழியாகப் படிக்கச் செய்யலாம் என்று இப்பொழுது அதிகாரிகள் பலர் கருதுகின்றனர். 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 13 அன்று நியூயார்க் நகரில் பள்ளிக் கட்டடங்கள் மூடப்பட்டன, பாடங்கள் மூடப்படவில்லை. சன்னலுக்கு வெளியே பனி பொழிய, கணினியில் கணக்குப் போடும் பிள்ளையின் நிலை எனக்கு இரக்கமாகவே தோன்றுகின்றது. மேற்கு வர்ஜீனியாவின் ஜெஃபர்சன் வட்டாரத்துக் கல்வித் தலைவியும் இவ்வாறே எண்ணினார் போலும். நோய்க்கொள்ளையால் பள்ளிகள் துன்புற்ற 2020ஆம் ஆண்டு டிசம்பரில் பனி வந்தபொழுது, கணினி வகுப்புகளையும் அன்று நிறுத்திவிட்டு, எல்லோரும் வெளியே சென்று பனியில் மகிழுமாறு பெற்றோர்க்குக் கடிதம் எழுதினார்.