இராயபுரத்திலிருந்து அடையாறு வரை

இராயப்பரின் பெயரைத் தாங்கிய நம் இராயபுரத்திலிருந்து துறைமுகத்தை ஒட்டித் தெற்கே சென்றால், கடற்கரைச் சாலையை அடுத்துச் சேப்பாக்கம் விளையாட்டரங்கம் உள்ளது. 2011 மார்ச் 20 அன்று நடந்த உலகக் கோப்பைக் கிரிக்கெட் ஆட்டத்தில் யுவராஜ் சிங் அங்கே மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 113 ஓட்டங்கள் எடுத்தார். ஆட்டத்தின் நடுவே வாந்தி எடுத்தார்; வெயிலின் கொடுமை என்றே எண்ணினார். நெஞ்சுக்குள் புற்றுநோய்க் கட்டி வளர்ந்திருந்தது பின்னரே தெரிந்தது. அமெரிக்காவில் சிகிச்சை பெற்றுத் தேறி, 2012 செப்டம்பர் 11 அன்று அதே அரங்கில் மீண்டும் ஆடினார். நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிய மக்களுக்கு உதவும் அறப்பணியையும் அவர் தொடங்கினார்.

இன்னும் தெற்கே அடையாறு. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால், 1954-இல் 12 படுக்கைகளுடன் தோன்றிய புற்றுநோய் நிலையம் அங்குள்ளது. மறு ஆண்டு அங்குப் பணியில் சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-இல் இறக்கும்வரை நோயாளிகளுக்காகவே வாழ்ந்தார்.

மூட்டை சுமந்தும் வலை இழுத்தும் உழைக்கும் நம் மக்கள், வாயில் ஆறாத புண்ணையும் மார்பில் தோன்றும் கட்டியையும் பொருட்படுத்துவதில்லை. “வலி இல்லையே” என்று நாட்களைக் கடத்துகின்றனர். புகையிலையையும் விடுவதில்லை. நம் உடல் பரிசுத்த ஆவியின் ஆலயம் எனப் புனித சின்னப்பர் போதித்தாரன்றோ? ஆலயச் சுவரில் விரிசல் கண்டால் உடனே கொத்தனாரை அழைக்கிறோம்.

அன்பர்களே, அருகிலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. ஐயம் தோன்றினால் இந்த வாரமே செல்லுங்கள். தனியே செல்ல அஞ்சும் அண்டை வீட்டாருக்குத் துணையாகச் செல்லுங்கள், அதுவும் செபமே.