கன்னியாகுமரியில் மூன்று விடியல்கள்

ஐப்பசியில் கன்னியாகுமரிக்குச் சென்று சூரியோதயத்தைப் போட்டோ பிடிக்கப் போகிறோம் என்றதும் நண்பர்கள் நகைத்தார்கள். இரண்டு பருவமழைகளும் எட்டிப் பார்க்கும் ஊர் அல்லவா அது? ஆயினும், நடமாட இயலாத எங்கள் தாயாருக்கு அந்தக் காட்சியைக் கொண்டுவருவதாக வாக்களித்திருந்தோம்.

முதல் நாள் அடைமழை. இரண்டாம் நாள் ஆகாயத்தில் மேகமே இல்லை. படம் பிடித்தோம், துலக்கிய வெண்கலத் தட்டை வெறுஞ்சுவரில் மாட்டியது போலிருந்தது! மேகம் இல்லாவிட்டால் வர்ணம் தங்குவதற்கு இடம் ஏது?

மூன்றாம் நாளோ ஊர் திரும்பும் நாள். கிழக்கே கருமேகம் சுவர் எழுப்பியிருந்தது. உதய நேரம் கடந்து கால் மணியாயிற்று. கூட்டம் காப்பிக் கடைக்குக் கலைந்தது. உப்புச் சாரல் படிந்த லென்ஸைத் துடைத்து, நாங்களும் காமிராவை உறையிலிட்டோம்.

"நில்லுங்க மக்களே, மேகம் கிழியுது!" என்றார், கரையில் வலையைச் சீர்செய்துகொண்டிருந்த முதியவர்.

கிழிசல் வழியே செம்பொன் ஒளி கடலில் சொரிந்தது. 1970-இல் எழுந்த விவேகானந்தர் மண்டபமும், 133 அடி வள்ளுவர் சிலையும் கரிய நிழலுருவாய் நிற்க, சிறு வள்ளம் ஒன்று அவ்வொளியைக் குறுக்கே கடந்தது. ஒரே நிமிஷம், மேகம் மூடிக்கொண்டது. மழையும் பிடித்துக்கொண்டது.

படத்தைத் தாயார் வெகுநேரம் பார்த்தார்.

"அந்த வள்ளத்துக்காரன் நனையாமல் கரை சேர்ந்தானா?" என்று கேட்டார்.