மேல்வீடும் கீழ்வீடும்

தஞ்சை மாவட்டம் சமவெளி என்று பிள்ளைப் பருவத்தில் படித்தோம். வீடு கட்ட முற்பட்டபோதுதான் இங்கும் சரிவு உண்டென்பது புரிந்தது. குடமுருட்டி ஆற்றின் கரைமேல் செல்கிறது சாலை. அதையடுத்த நமது மனை வயலை நோக்கி ஏழடி இறங்குகிறது.

முப்பதாண்டுகளாக ஓதிக்கொடுத்து வருகிறோம். நமது மதரஸாவில் ஓய்வூதியம் கிடையாது. எனவே முதுமைக்கு ஒரு வாடகை வருமானம் வேண்டுமென்று வளைகுடாவிலிருக்கும் மகன் பொறியாளரிடம் வரைபடம் ஒன்று வாங்கி அனுப்பினார். சாலை மட்டத்தில் நமக்கு வீடு. அதன் கீழே, சரிவில், வாடகைக்கு இரண்டு சிறு வீடுகள்.

பள்ளத்தை மண்ணிட்டு நிரப்பினால் அம்மண் சில மழைக்காலங்கள் வரை அமுங்கிக்கொண்டே இருக்கும், தளம் வெடிக்கும். ஆதலால் சரிவையே கீழ்த்தளமாக்குவது அறிவுடைய செயல்தான். ஆனால் கீழ்வீடுகளின் பின்சுவர் கரைமண்ணில் சாய்ந்து நின்றது. ஓதம் ஏறும், வெளிச்சம் ஒரு புறத்திலிருந்து மட்டுமே வரும். மேல்வீட்டுக் குளியலறை, கீழ்வீட்டு அடுப்படிக்கு நேர் மேலே அமைந்திருந்தது. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் மழையின்போது முழங்கால் அளவு நீர் நின்ற மட்டத்திலேயே கீழ்வீடுகளின் தரை.

வரைபடத்தைப் பார்த்த நம் வீட்டார், "ஏங்க, நம்ம மகளைக் கீழே குடி வைப்பீங்களா?" என்று கேட்டார். நாம் பதில் சொல்லவில்லை.

பதில் நமது அலமாரியிலேயே இருந்தது. பணியில் சேர்ந்த புதிதில் பதினோராண்டுகள் ஒரு கீழ்வீட்டில் வாடகைக்கு இருந்தோம். மேலிருந்து கசிந்த நீர் நமது ஹிதாயா கிதாபை நனைத்த கறை இன்றும் இருக்கிறது. ஹிஜ்ரி 593ல் மறைந்த இமாம் மர்ஃகீனானி அவர்களின் அந்நூலிலேயே மேல்வீடு, கீழ்வீடு பற்றிய மஸ்அலா உண்டு. இரண்டும் இருவருக்குச் சொந்தமாயின், மேல்வீட்டாரின் சம்மதமின்றிக் கீழ்வீட்டார் சுவரில் ஒரு முளையும் அடிக்கலாகாது என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் தீர்ப்பு. மேல்வீட்டுக்குத் தீங்கு தராததைச் செய்யலாம் என்பது அவர்களுடைய மாணவர் இருவரின் கருத்து. ஒரு முளைக்கே இவ்வளவு கணக்கென்றால், ஓர் அடுப்படியின் மேல் ஒழுகும் நீருக்கு?

கி.பி. 622ல் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது, அபூ அய்யூப் அன்ஸாரி (ரலி) அவர்களின் வீட்டில் தங்கினார்கள். காண வருவோருக்கு எளிதென்று கீழ்த்தளத்தையே விரும்பினார்கள். ஓரிரவு மேலே நீர்க்குடம் உடைந்தது. ஒரு துளியும் கீழே சொட்டிவிடலாகாதென்று, வீட்டார் தம்மிடமிருந்த ஒரே போர்வையால் அந்நீரை ஒற்றியெடுத்தனர். கீழே இருப்பது தாழ்வன்று. கீழே இருப்பவரை எண்ணி மேலே இருப்பவர் நடுங்குகிறாரா என்பதே கேள்வி.

வாடகை என்பது, பிக்ஹின்படி, பயனை விற்பது. சரக்கின் குறையை மறைத்து விற்கலாகாதென்று மாணவருக்கு ஓதிக்கொடுக்கும் நாம், குறையையே வரைபடமாக்கிக் கட்டலாமா?

மாற்று வரைபடம் எழுந்தது. கரைமண்ணைத் தாங்கும் சுவர் தனி, வீட்டுச் சுவர் தனி. இடையே மூன்றடிச் சந்து. தாங்கு சுவரில் நீர் கசிந்து வெளியேறத் துளைகள், சந்தில் வடிகால். குளியலறைக்கு மேல் குளியலறை, அடுப்படிக்கு மேல் அடுப்படி. புரெவியின் நீர்மட்டத்திற்கு ஓரடி மேலே கீழ்த்தளத்தின் தரை. சந்துக்கு இடம் விட்டதால் கீழே இரண்டு வீடுகளுக்கு இடமில்லை, ஒன்றுதான்.

"அத்தா, மாதாமாதம் ஒரு வாடகை போகுதே" என்றார் மகன். உண்மைதான். அந்த வாடகை நமக்கு மருந்துச் செலவு. இரண்டு நாள் அவர் அழைக்கவில்லை. மூன்றாம் நாள், "கீழே யார் இருக்கப் போறாங்க?" என்று கேட்டார்.

"நாங்கதான். மேல்வீட்டை வாடகைக்கு விடுவோம். ஒழுகினால் முதலில் நமக்கே தெரியட்டும்" என்றோம்.

கடைக்கால் தோண்டும் பணி நடந்துகொண்டிருக்கிறது. கட்டி முடிக்கும் ஆயுளையும், குடிவருவோர் மனம் நோகாத வாழ்வையும் வல்ல நாயன் அருள்வானாக.