செங்கல்பட்டில் எத்தனை பேர்?

செங்கல்பட்டு மாவட்டத்தின் மக்கள் தொகை எவ்வளவு என்று கேட்டால் கிடைக்கும் பதில் 25.56 லட்சம். பொது அறிவுப் புத்தகத்தில் இருப்பதும் இதுதான். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மாவட்டம் பிறந்தது 2019 நவம்பர் 29ல். இந்த எண் எடுக்கப்பட்டதோ 2011ல்! பிள்ளை பிறப்பதற்கு எட்டு வருடம் முன்பே எடை போட்டு எழுதி வைத்த கதை.

அதாவது, பழைய காஞ்சிபுரம் மாவட்டக் கணக்கிலிருந்து தாம்பரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மதுராந்தகம் போன்ற பகுதிகளைப் பிரித்தெடுத்துக் கூட்டிய தொகை இது.

எண் பழசு, அதனால் என்ன என்று கேட்கலாம். மெதுவாக வளரும் ஊர் என்றால் பரவாயில்லை. பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் 2001ல் 28.77 லட்சம் பேர். 2011ல் 39.98 லட்சம். பத்து வருடத்தில் சுமார் 39 சதவீத வளர்ச்சி. அதே காலத்தில் தமிழ்நாடு முழுவதற்கும் 15.6 சதவீதம்தான். 2021ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போனது. அடுத்ததற்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறித்து 2025 ஜூனில் அறிவிப்பு வந்தது. இடைவெளி 16 வருடம். 2011ல் பிறந்த குழந்தை பிளஸ் டூ வாசலுக்கே வந்துவிடும்!

இது வெறும் புள்ளிவிவரப் பிரச்சினை இல்லை. சமவெளிக் கிராமப் பகுதிகளில் 30 ஆயிரம் பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது கணக்கு. எந்த 30 ஆயிரம்? தாளில் இருக்கிற ஆளா, வரிசையில் நிற்கிற ஆளா? கேளம்பாக்கம், நாவலூர் பக்கம் போனவர்களுக்கு இந்தக் கேள்வி புரியும்.

அடுத்தது வீடு. சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரை ஈசிஆரில் போனால், சனி ஞாயிறு மட்டும் விளக்கு எரியும் பங்களாக்கள் வரிசையாக வரும். கொஞ்சம் உள்ளே போனால் ஒரே தகரக் கொட்டகையில் ஆறேழு கட்டடத் தொழிலாளிகள். சென்சஸ் விதிப்படி ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டால் அது ஒரு குடும்பம். ஆக, கொட்டகையில் ஒரு குடும்பம், பங்களாவில் பூட்டு. 2011ல் நாடு முழுவதும் கடை, அலுவலகம் உட்பட எண்ணப்பட்ட சுமார் 33 கோடி 'வீடு'களில் 2.46 கோடி காலி. வீட்டுக் குறை என்பது எப்போதும் செங்கல் சிமெண்ட் குறை இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சரி, வருமானம்? சென்சஸ் அதைக் கேட்பதே இல்லை. கூரை எதனால் ஆனது, டிவி உண்டா, சைக்கிள் உண்டா என்று கேட்டு நிறுத்திக்கொள்ளும். காரணம் இருக்கிறது. மாமல்லபுரத்துச் சிற்பிக்கு ஆர்டர் வந்த மாதம் ஒரு வருமானம், வராத மாதம் வேறு. கடல் சீறினால் மீனவர் வீட்டில் அன்றைக்குப் பூஜ்யம். "மாதம் எவ்வளவு சம்பாதிக்கிறீர்கள்?" என்றால் அவர்கள் எதைச் சொல்வார்கள்? அதனால்தான் மாதிரி ஆய்வுகளில் வரவை விட்டுவிட்டுச் செலவைக் கேட்கிறார்கள்.

சராசரி என்பதும் ஒரு மாயக்கண்ணாடிதான். உதாரணத்துக்கு ஒரு தெருவில் பத்து வீடு. ஒன்பதில் மாதம் 15,000 ரூபாய், ஒன்றில் 5 லட்சம். சராசரி 63,500! அந்தத் தெருவில் அவ்வளவு சம்பாதிக்கும் வீடு ஒன்றுகூட இல்லை. ஐடி கம்பெனிகளும் மீன்பிடிக் குப்பங்களும் ஒரே மாவட்டத்தில் இருந்தால் இதுதான் நடக்கும். நடுவில் நிற்கும் வீட்டின் வருமானம், அதாவது இடைநிலை அளவு, 15,000. உண்மை அங்கேதான் இருக்கிறது.

எண்ணுவது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற ஆங்கிலேயர் செங்கல்பட்டு ஜாகீரில் சுமார் இரண்டாயிரம் ஊர்களை அளந்தார். எத்தனை வீடு, யார் என்ன தொழில், எவ்வளவு நிலம் என்று ஊர் ஊராக எழுதினார்கள். கம்பெனிக்கு வேண்டியது வரி. அதற்காகவே அத்தனை கவனம்!

வரி வாங்க எண்ணியவர்கள் காட்டிய அக்கறையை, பள்ளியும் குடிநீரும் கொடுக்க எண்ணுபவர்களிடம் எதிர்பார்ப்பது தப்பா? அடுத்த முறை கதவைத் தட்டுகிறவர்கள் கொட்டகைக் கதவையும் தட்ட வேண்டும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?