கறக்காத பாலுக்குக் கணக்கு

திண்டுக்கல்லில் பால்காரர் வரும்போதெல்லாம் பழைய ஆஸ்பத்திரி வேலை ஞாபகம் வரும். நாங்களும் காலையில் 'கறப்போம்': மாலிப்டினம்-99 ஜெனரேட்டரிலிருந்து, ஸ்கேன் ஊசிமருந்துக்கான டெக்னீசியம்-99எம். 6 மணி நேரத்தில் அது பாதியாகிவிடும் என்பதால் எப்போதும் அவசரம்தான். ஆனால் கறந்ததில் மாலிப்டினம் கலந்திருக்கிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும். கலந்தால் நோயாளிக்கு வீண் கதிர்வீச்சு.

ஒருநாள் வேறு ஆஸ்பத்திரியில் இதே வேலை பார்ப்பவர் எங்கள் பிரிவைத் தணிக்கை செய்ய வந்தார். பதிவேட்டைப் புரட்டி, "இன்னிக்குக் கறந்தாச்சா சார்?" என்றார்.

"இனிமேதான்."

அன்றைய சோதனைக்கு நேராக 'சரி' என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. என் கையெழுத்து.

"நானும் இப்படி எழுதினவன்தான் சார்" என்றார் மெதுவாக.

அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய அதிகாரி கேட்டிருந்தால் மழுப்பியிருப்பேன். இவரிடம் முடியவில்லை. அன்றுமுதல் சோதித்த பிறகே பேனாவைத் திறந்தேன்.

அடுத்த மாதம் அவருடைய பதிவேட்டைப் பார்க்க நான் போனேன்.